காலஞ்சென்ற தவராசா

என் தம்பியைக் கொன்றவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடச் சொன்னது நான்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அம்மா தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம் ஸ்காபரோவில் கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். கல்வெட்டு இல்லாமல் எங்கள் ஆட்களின் சாவு முடியாது. செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, நாலு தேவாரம், கடைசிப் பக்கத்தில் வம்ச மரம் எல்லாம் போட்டு ஒரு சின்னப் புத்தகம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொன்று கொண்டுபோவார்கள். அச்சகம் வைத்திருந்த ஞானசேகரம் என் வேலைத்தலத்துக்கே போன் எடுத்தார்.

"அண்ணை, மரம் முடிஞ்சுது. உங்கட தம்பியார் தவராசாவுக்கு மட்டும் அடைப்புக்குள்ளை என்ன போட எண்டு தெரியேல்லை. கனடாவோ, ஊரோ?"

"அடைப்பு வேண்டாம். பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடும்."

"எனக்குத் தெரியாது அண்ணை" என்றார். "எனக்கே போன வருசந்தான் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன வருசம் எனக்குச் சொன்னவன் ஸெய்னுதீன். டோகாவிலிருந்து போன் எடுத்திருந்தான். தம்பியும் அவனும் துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். தம்பி வெல்டர், அவன் தண்ணீர் பவுசர் ஓட்டுபவன். தொண்ணூறாம் ஆண்டு ஆடியில் நடந்த சுற்றிவளைப்பில் தவராசாவைப் பிடித்துக்கொண்டு போன முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோனது ஸெய்னுதீன்தான். நாலாம் நாள் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தவனை, இதற்கும் ஒரு கை கொடு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். தார்ப்பாயின் கீழே மூன்று பேர். நடுவில் கிடந்தவனின் இடது முழங்கையில் வெல்டிங் சுட்ட வடு. அந்தக் காயத்துக்கு மருந்து கட்டிவிட்டதே ஸெய்னுதீன். ஏழு வருசம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கடல் கடந்து போன பிறகுதான் அவனுக்குச் சொல்லத் துணிவு வந்திருக்கிறது. தன் பெயர் வெளியில் வரக்கூடாது என்று அல்லாவின் பேரில் கேட்டான். நானும் சத்தியம் பண்ணினேன்.

அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. தம்பியின் மனைவி புஸ்பராணிக்கும் சொல்லவில்லை. அவள் திருகோணமலையில், எங்கள் வீட்டில், தம்பியின் ஒரே மகளோடு இருந்தாள். போனில் சொல்கிற விசயமா இது? கடிதத்தில் எழுதினால் வழியில் யார் உடைத்து வாசிப்பார்களோ? இப்படி நூறு நியாயம் வைத்திருந்தேன். எல்லாம் வெறும் பேய்க்கதை. எனக்குப் பயம், அவ்வளவுதான். கொழும்புப் பேப்பருக்குக் கொடுத்த மரண அறிவித்தலில் தவராசாவை உயிரோடு விட்டுவிட்டேன், புஸ்பராணி பார்ப்பாள் என்று. கல்வெட்டு ஸ்காபரோவைத் தாண்டாது என்பது என் கணக்கு. அம்மாவின் மரத்தில் பொய் எழுத மனம் வரவில்லை.

பெரிய அரிச்சந்திரன் நான்.

இரண்டாயிரத்து மூன்றில் சண்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்த சனமெல்லாம் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடிய வருசம். என் மனைவி சறோவும் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் பன்னிரண்டு நாளைக்கு அறை போட்டாள். மகள் அபிராவுக்குப் பத்து வயது. அவளுக்குக் கடலும் மானும் காட்டுவதாகச் சொல்லியிருந்தோம். சறோவுக்கு இது விடுமுறை. எனக்கு அப்படியில்லை. இந்தமுறை புஸ்பராணிக்கு முன்னால் இருந்து, அவள் முகத்தைப் பார்த்து, தவராசா இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு எடுத்திருந்தேன்.

"முதல் நாளே சொல்லிப் போடுங்கோ" என்றாள் சறோ, ஊருக்குப் போகிற வழியில் வானுக்குள். "பிறகு பிறகு எண்டு இழுத்தா நீங்கள் சொல்லமாட்டீங்கள். எனக்கு உங்களைத் தெரியும்."

"வாயை மூடிக்கொண்டு வாரும்" என்றேன். அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

முதல் நாள் சொல்லவில்லை.

உட்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கையில் எங்கள் வீடு. இருபத்தொரு வருசத்துக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் இறங்கினேன். சின்னத்தில் நானும் தவராசாவும் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகத்தை எறிந்துவிட்டு வீதி முனைக்கு ஓடுவோம். துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது, கொடி என்ன நாட்டுக்கொடி என்று அவன்தான் முதலில் சொல்லுவான். நான் மூத்தவன், ஆனாலும் அவனுக்குத்தான் தெரியும். அபிராவுக்கு அந்த இடத்தைக் காட்டலாம் என்று கூட்டிப்போனேன். மண்மூட்டை அடுக்கி, முள்ளுக்கம்பி இழுத்து, உள்ளே ஒரு ஆமிப் பொடியன் நின்றான். அபிரா கமராவைத் தூக்கியதும் கையை ஆட்டிவிட்டான். மரியாதையாகத்தான் ஆட்டினான். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. என் தம்பி நின்ற இடத்தில் என் பிள்ளை ஒரு படம் எடுக்க இவனிடம் கேட்க வேண்டுமா?

"அப்பா, இஞ்ச ஒண்டுமே இல்லையே" என்றாள் அபிரா. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

புஸ்பராணி படலைக்கு ஓடி வந்தாள். நான் விட்டுப்போகும்போது புதுப்பெண், கன்னமும் சிரிப்புமாக இருந்தவள். இப்போது எலும்பைத் தோலால் மூடியது மாதிரி இருந்தாள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலிக்கொடி. சறோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பெரியத்தான் வந்திட்டார். இனி எனக்குப் பயமில்லை" என்று அபிராவைக் கட்டிக்கொண்டாள். "அவர் இஞ்ச நிண்டிருந்தா உங்களை எயாப்போட்டுக்கே வந்து கூட்டிவந்திருப்பார்."

பிறகு மகளைக் கூப்பிட்டாள். தர்சிகா குசினிக்குள் இருந்து தேத்தண்ணீரோடு வந்தாள். பத்தொன்பது வயது. தவராசாவின் நெற்றி, தவராசாவின் நடை. என்னைப் பார்த்துக்கொண்டே கோப்பையை நீட்டினாள்.

அடுத்த நாலு நாளும் நிலாவெளியிலிருந்து காலையில் வருவோம், பின்னேரம் போவோம். கோட்டைக்குள் மான் பார்த்தோம். குப்பைக்குள் பொலித்தீன் தின்றுகொண்டிருந்தது. கன்னியா ஊற்றில் வெந்நீர் அள்ளிக் குளித்தோம். நாள் முழுக்கப் புஸ்பராணி எங்களோடு வருவாள். ஆனால் ஐந்து மணிக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும், ஏனென்றால் பிடித்துப் போனவர்களை விட்டால் பின்னேரத்தில்தான் விடுவார்களாம். பதின்மூன்று வருசமாக அவள் ஒரு இரவும் வெளியில் தங்கவில்லை. மட்டக்களப்பில் சொந்த அக்கா செத்தபோதும் போகவில்லை. வீட்டில் இருப்போர் விபரம் எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பொலிசார் ஆண்டுதோறும் வருகிறார்கள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தவராசாவின் பெயரைத்தான் எழுதுவாள். ஆள் எங்கே என்று கேட்டு ஒருமுறை பொலிசில் ஒரு நாள் முழுக்க வைத்திருக்கிறார்கள். "நீங்கள்தானே கொண்டுபோனீங்கள், நீங்கள் சொல்லுங்கோ எண்டு கேட்டனான்" என்று அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் தர்சிகா என்னைப் பிடித்தாள். பாண் வாங்கச் சந்திக்கு நடந்தேன், பின்னால் வந்துவிட்டாள்.

"பெரியப்பா, ஒண்டு கேக்கலாமோ?"

"கேள் பிள்ளை."

"அப்பா செத்திட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

நடுவீதியில் நின்றுவிட்டேன். ஓட்டோக்காரன் ஒருவன் ஏசிவிட்டுப் போனான்.

"அப்பம்மான்ர கல்வெட்டு எங்களிட்ட இருக்கு" என்றாள். "கனடாவில இருந்து ஆரோ ஒரு அன்ரி கோயிலுக்கு வரேக்க கொண்டுவந்து, அம்மான்ர கையிலயே குடுத்தவ. எனக்கு அப்ப பதினாலு வயசு. வாசிச்சுக் காட்டினதும் நான்தான்."

"அம்மா என்ன சொன்னவ?"

"அச்சுக்காரன் பிழை விட்டிட்டான் எண்டு சொன்னவ. பெரியத்தான் அப்பிடி எழுதமாட்டார், அவருக்குத் தெரிஞ்சா எனக்கெல்லோ முதல் சொல்லுவார் எண்டவ. எனக்கு அப்பவே விளங்கிட்டுது. நீங்கள் படிச்ச ஆள். தெரியாமல் போடமாட்டீங்கள்."

அந்தக் கணத்தில் நிலம் பிளந்து உள்ளே போயிருந்தால் சந்தோசம். அவள் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனாள். மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இது இரண்டாம் தரம். புரட்டாதி முதலாம் திகதி போய் நிற்காவிட்டால் இனிக் கிடையாது. பெரியம்மா செத்தாலும் அவளுடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், வீட்டில் இரண்டு அறை தருவார்கள். ஆனால் அம்மா படலையைத் தாண்ட மாட்டாள். இரண்டு தரம் மயங்கி விழுந்த அம்மாவைத் தனியே விட்டுவிட்டு இவளும் போக ஏலாது.

"நான் சொன்னா அடிக்க வாறா. ஆர் சொன்னாலும் நம்பமாட்டா. நீங்கள் சொன்னா மட்டும் நம்புவா, பெரியப்பா. ஒரு தரம் சொல்லுங்கோ. செத்தவீட்டைச் செய்வம். அழட்டும். அழுது முடிச்சா அம்மாவும் என்னோட வருவா. எனக்கும் அழவேணும்."

கடைசிச் சொல்லில்தான் குரல் கொஞ்சம் இடறியது. சொல்கிறேன் என்றேன். கட்டாயம் சொல்கிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

ஆனால் புஸ்பராணி முதல் கேட்கப்போவது "ஆர் பாத்தது?" என்றுதான். அதற்கு என்னிடம் பதில் வேண்டும். ஸெய்னுதீன் டோகாவிலிருந்து வந்து கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் இருக்கிறான் என்று விசாரித்து அறிந்தேன். அடுத்த நாள் காலை பாதையில், வாகனமும் சனமும் ஏற்றுகிற மிதவையில், ஏறி அக்கரைக்குப் போனேன். சறோவுக்குப் பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். பொய்யில்லைத்தானே.

வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினான். தாடி நரைத்துப் போயிருந்தது. நான் வந்த விசயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னமே எழும்பிப் போய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஒங்கட தம்பிக்கு நான் துஆ கேக்காத நாளில்ல அண்ணன். அந்தப் பாரம் இன்னும் இந்தக் கையில இரிக்கி. ஆனா நான் வந்து சொல்ல ஏலா."

"புஸ்பராணிக்கு மட்டும் சொன்னாப் போதும். அவ ஒருத்தருக்கும் சொல்லமாட்டா."

"அவ கேட்டா அழுவா. அழுதா ஊர் கேக்கும். ஊர் கேட்டா, ஆரு சொன்ன எண்டு அவனுகளும் கேப்பானுகள். இப்ப சமாதானம் எண்டு சொல்றானுகள். எத்தின நாளைக்கி? நீங்க பிளேன் ஏறிப் போயிருவீங்க. நான் இஞ்சதானே இரிக்கணும்." வீட்டைக் கையால் காட்டினான். "அஞ்சு கொமரு அண்ணன். ஒண்டும் இன்னும் கட்டிக் குடுக்கல்ல."

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. அவனைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. பிறகு யோசித்தேன், இவனாவது ஏழு வருசத்தில் சொன்னான். நான் கனடாவில் சூடாக்கிய அறையில் இருந்துகொண்டு ஆறு வருசம் ஊமையாக இருந்தவன். எந்த வாயால் அவனை ஏசுவது? வரும்போது அவன் என் இரண்டு கையையும் பிடித்து, அவர்கள் எங்கே புதைத்தார்கள் என்பது தனக்குச் சத்தியமாகத் தெரியாது என்றான். நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

திரும்பி வரும்போது பாதையில் நின்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். யார் என்று சொல்லமாட்டேன். பார்த்தவன் ஒருவன் எனக்கு நேரே சொன்னான், நான் நம்புகிறேன், நீயும் நம்பு என்று சொல்வேன். மூத்தவன் சொன்னால் அது போதும். சாப்பாட்டுக்கு முன் சொன்னால் ஒருவரும் சாப்பிடமாட்டார்கள். அதனால் சாப்பிட்ட பிறகு சொல்வது.

அன்றைக்கென்று பாரைக்குழம்பும் முருங்கைக்காய்ப் பிரட்டலும் வைத்திருந்தாள் புஸ்பராணி. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து இருந்தேன். சறோ அபிராவை முன்பக்கம் அனுப்பினாள். தர்சிகா குசினி நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"புஸ்பம், நான் உம்மோட ஒரு விசயம் கதைக்க வேணும்."

"நானும்தான் பெரியத்தான். நாலு நாளா நினைச்சுக்கொண்டு இருக்கிறன். வந்த கையோட கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு விட்டனான். முதல் நான் சொல்லட்டோ?"

நான் தலையாட்டினேன். அங்கேதான் பிழை விட்டேன். அவளைச் சொல்ல விட்டிருக்கக் கூடாது.

அலுமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்து வந்தாள். உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள், பதிவுத்தபால் துண்டுகள். மேலே அம்மாவின் கல்வெட்டு. அதை என் மடியில் வைத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து, விரலை வைத்துக் காட்டினாள்.

"இதில ஒண்டை ஆரோ கொண்டுபோய்க் கந்தோரில குடுத்திட்டினம். காணாமல் போன ஆக்களைப் பற்றி நான் மாசாமாசம் போய் விசாரிக்கிற கந்தோர். தொண்ணூற்றொன்பதில ஒரு நாள் அங்க இருக்கிற ஐயா அதை எடுத்து மேசையில போட்டார். 'உம்மட ஆக்களே செத்தவர் எண்டு அடிச்சு வைச்சிருக்கினம், பிறகேன் எங்களிட்ட வந்து கேக்கிறீர்' எண்டார். அண்டையோட என்ர விண்ணப்பத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைச்சிட்டாங்கள். என்னோட போற மற்றப் பெண்டுகளை முகாம் முகாமாக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவங்கள். போன வருசம் பூசாத் தடுப்பு முகாம் வரைக்கும் போட்டு வந்தவை. என்ர பேரைக் கூப்பிடேல்லை."

அவள் குரலில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"நான் சொன்னனான், அது அச்சகத்தில விட்ட பிழை, எங்கட அத்தான் கனடாவில இருந்து வருவார், வந்து எழுதித் தருவார் எண்டு. சரி, அவர் வந்து சத்தியக் கடதாசி முடிச்சுத் தந்தால் திரும்பவும் விசாரிக்க எடுக்கிறம் எண்டு சொன்னவங்கள். நாலு வருசமா அதுக்குத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன். இராசதுரை மாஸ்டரிட்டச் சொல்லி வைச்சிருக்கிறன். அவர் ஜே.பி., சத்தியக் கடதாசி முடிச்சுத் தரலாம். பின்னேரம் வரச்சொன்னவர்." கண்ணெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தாள். "இப்ப நீங்கள் சொல்லுங்கோ. என்ன கதைக்க வேணும் எண்டனீங்கள்?"

தர்சிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சறோவும்தான். சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒருவன் கத்துகிறான். எனக்கு அந்த நேரம் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இந்தப் பெண் நாலு வருசமாக என்னை ஏசவில்லை. ஊர் முழுக்க என் பேரைக் காப்பாற்றிக்கொண்டு, நான் வந்து திருத்துவேன் என்று இருந்திருக்கிறாள். இப்போது, அது பிழையில்லை, நான்தான் போட்டேன், எனக்குத் தெரியும், உனக்கு மட்டும் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? தவராசா செத்த செய்தியை மட்டும் என்றால் ஒருவேளை சொல்லியிருப்பேன். என்னையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

"ஒண்டுமில்லை" என்றேன். "தர்சிகான்ர படிப்பைப் பற்றி."

"அதுக்கென்ன அவசரம். அவர் வந்து முடிவெடுக்கட்டும்" என்றாள் புஸ்பராணி.

நிலையில் சாய்ந்து நின்றவள் குசினிக்குள் போய்விட்டாள்.

பின்னேரம் அபிராவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாலு பேரும் போனோம். தர்சிகா வரவேண்டிய அவசியமில்லை. ஆனால் வந்தாள். இராசதுரை மாஸ்டரின் முன்னறையில் ஒரு பழைய டைப்ரைட்டர் இருந்தது. ஒரு காலத்தில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். ஆள் நல்லாகத் தளர்ந்துபோனார், ஆனால் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை அதேதான்.

"கனகசுந்தரம், இது சத்தியக் கடதாசி. விளையாட்டில்லை. நான் கேக்கிறதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்கோ" என்றார். "தவராசா காலமானதா கல்வெட்டில போட்டது ஆற்ற பிழை?"

"அச்சகத்தின்ர பிழை, மாஸ்டர்."

பாவம் ஞானசேகரம். போன் எடுத்து விபரம் கேட்ட மனிதன்.

மாஸ்டர் தட்டினார். ஒரு விரலால்தான் தட்டுவார். ஒவ்வொரு எழுத்தும் விழுகிற சத்தம் கேட்டது.

"தம்பியார் இறந்திட்டார் எண்டு எப்பவாவது, ஆராவது, உங்களுக்குச் சொன்னவையோ?"

சறோ கதிரையிலிருந்து எழும்பி வெளியே போனாள். புஸ்பராணி என் முகத்தைப் பார்க்கவில்லை, டைப்ரைட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எழுத்து விழுவதற்காக. அவளுக்கு என் பதிலில் சந்தேகமே இல்லை.

நான் தர்சிகாவைப் பார்த்தேன். அவள் தலையைக் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, ஆட்டினாள். வேண்டாம் என்றா, சொல்லுங்கோ என்றா? இல்லை, எனக்கு நல்லாகத் தெரியும். சொல்லுங்கோ என்றுதான்.

"இல்லை" என்றேன். "ஒருத்தரும் சொல்லேல்லை."

"அவர் உயிரோட இருக்கிறார் எண்டு நம்புறீங்களோ?"

"ஓம். நம்புறன்."

கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் முத்திரை குத்தினார். புஸ்பராணி அந்தக் கடதாசியை இரண்டு கையாலும் வாங்கி, மை காயட்டும் என்று ஊதினாள். பிறகு, இத்தனை பேருக்கு முன்னால், குனிந்து என் காலைத் தொட்டாள். நான் பின்னால் தள்ளிப்போய்க் கதிரையில் இடிபட்டேன். என்னை அப்போது ஒருவர் செருப்பால் அடித்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அதன் பிறகும் ஐந்து நாள் நின்றோம். என்ன விடுமுறை அது. சறோ என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள். அபிரா கடலில் நீந்திக் கறுத்துப்போனாள். நான் ஹோட்டல் அறையில் விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சொல்லிவிட்டு வருவோம் என்று இரண்டு தரம் வான் பிடித்துப் பட்டினத்துக்குப் போனேன். முதல் தரம் புஸ்பராணி கந்தோருக்குப் போயிருந்தாள். இரண்டாம் தரம் வீட்டில் இருந்தாள். விண்ணப்பத்தை மறுபடியும் விசாரணைக்கு எடுத்துவிட்டார்களாம், அடுத்த மாதம் அனுராதபுரத்துச் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போவார்களாம். அவள் முகத்தில் சதை வைத்தது மாதிரி எனக்குத் தெரிந்தது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடைசி நாள் காலையில் கொழும்புக்குப் போகிற வழியில் வீட்டில் நிறுத்திப் பயணம் சொன்னோம். புஸ்பராணி சறோவுக்கு முறுக்கும் பயற்றம் உருண்டையும் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தர்சிகா படலையடியில் தனியே நின்றாள். ஐந்து நாளாக என் முன்னால் வராதவள். தப்பி ஓடுகிறவனைப் போல அவளைக் கடந்து வானுக்குப் போகப் பார்த்தேன்.

"அப்பாவை ஆர் பாத்தது, பெரியப்பா?" என்றாள் மெதுவாக.

இனி என்ன மிச்சம் என்று நினைத்தேனோ தெரியாது. அல்லது யாருக்காவது சொல்லி இறக்கிவைக்க வேண்டும் என்ற வெறியோ. எல்லாவற்றையும் சொன்னேன். ஸெய்னுதீனின் பெயரை மட்டும் சொல்லவில்லை. நாலாம் நாள், தார்ப்பாய், மூன்று பேர், கையிலிருந்த வடு. இரண்டு நிமிசம்கூட எடுக்கவில்லை. ஆறு வருசம் நான் வயிற்றில் வைத்திருந்ததை இரண்டு நிமிசத்தில் ஒரு சின்னப் பெட்டையின் கையில் கொடுத்துவிட்டேன்.

அவள் படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாலாம் நாளே" என்றாள். "அப்ப எனக்கு ஆறு வயசு. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அந்த முகாம் வாசல்லதான் நிண்டவ. ஒரு மாசம் நிண்டனாங்கள்."

"இப்ப போய் அம்மாவுக்குச் சொல்லுறன். ரெண்டு பேருமாச் சொல்லுவம்" என்றேன். உண்மையாகவே அப்போது சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வேண்டாம்" என்றாள். "அண்டைக்குச் சொல்லியிருந்தால் அழுதிருப்பா. இப்ப, நீங்கள் சத்தியம் பண்ணிக் குடுத்த பிறகு சொன்னா, செத்துப்போவா. உங்களுக்கு அது விளங்கேல்லையோ?"

உள்ளேயிருந்து புஸ்பராணி கூப்பிட்டாள். அனுராதபுரத்துக்குப் போகப் புதுப் பத்திரம் ஒன்று நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம், பிள்ளையின் எழுத்துத்தான் வடிவாம், பெரியத்தான் நிற்கும்போதே அவர் பார்க்க எழுதிவிடலாமாம்.

"வாறன் அம்மா" என்றாள் தர்சிகா. பாவாடைக் கரையால் முகத்தைத் துடைத்தாள். என்னைப் பார்த்து, "நீங்கள் போங்கோ பெரியப்பா, வான் நிக்குது. இனி நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள்.

நான் போய் வானில் ஏறினேன்.